பச்சடிக்கு எதற்குப் பாஸ்போர்ட்?

உங்கள் வீட்டில் தயிர் இருக்கிறதா? இரண்டு வெள்ளரிக்காய்? மூன்று பல் பூண்டு? அப்படியானால் இன்று ராத்திரியே ஒரு கிரேக்க நாட்டு ஐட்டத்துக்கு ஏற்பாடு செய்துவிடலாம். விசா வேண்டாம், விமான டிக்கெட் வேண்டாம். ஒரு பழைய வேட்டித் துணி கிடைத்தால் போதும்.

சமாசாரத்தின் பெயர் ட்ஸாட்ஸிகி. சொல்லும்போது பல்லில் மாட்டிக்கொள்ளும், சாப்பிடும்போது மாட்டாது. முதலில் செய்முறையைச் சொல்லிவிடுகிறேன். அப்புறம் சண்டைக்குப் போகலாம்.

ஒரு லிட்டர் பாலில் உறை ஊற்றிய கெட்டித் தயிரை மெல்லிய துணியில் மூட்டையாகக் கட்டுங்கள். தொங்கவிட்டால் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வடியும். திண்டுக்கல் பக்கத்து வெயிலில் வெளியே தொங்கவிட்டால் விடிவதற்குள் புளித்துவிடும். அதனால் மூட்டையை ஒரு வடிகட்டியில் வைத்து, கீழே ஒரு பாத்திரம் கொடுத்து, ஃப்ரிட்ஜுக்குள் தள்ளிவிடுவது உத்தமம். காலையில் பார்த்தால் தயிர் பாதியாகவோ அதற்கும் குறைவாகவோ சுண்டி, கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாத வெள்ளைக் கட்டியாக இருக்கும். வடிந்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

வெள்ளரிக்காயைத் தோல் சீவி, முற்றிய விதை இருந்தால் வழித்து எறிந்துவிட்டு, துருவி, உப்புப் போட்டுக் கால் மணி நேரம் வையுங்கள். பிறகு கையில் அள்ளி ஒட்டப் பிழியுங்கள். உப்பு, காய்க்குள் இருக்கிற தண்ணீரை வெளியே இழுத்துவிடும். இந்த வேலையில் சோம்பேறித்தனம் பட்டால் அரை மணியில் உங்கள் கிண்ணம் குளமாகிவிடும். கல்யாணப் பந்தியில் பச்சடி இலையின் விளிம்பு வரை ஓடி, பக்கத்து இலைக்காரர் மடி வரை போவதற்கும் இதுதான் காரணம்.

பூண்டை நறுக்க வேண்டாம். உப்போடு சேர்த்து நசுக்கிக் கூழாக்குங்கள். நசுங்கும்போதுதான் பூண்டுக்குக் கோபமே வருகிறது. உள்ளே தனித்தனி அறையில் சமர்த்தாக இருந்த இரண்டு பொருட்கள் சந்தித்து, அல்லிசின் என்கிற காரமான ஆசாமி பிறக்கிறார். மூன்று பல்லுக்கு மேல் போட்டால் மறுநாள் ஆபீஸில் உங்கள் பக்கத்து ஸீட்காரர் லீவ் போட்டுவிடுவார்.

மூன்றையும் கலந்து, ஆலிவ் எண்ணெய் இரண்டு ஸ்பூன், எலுமிச்சைச் சாறோ வினிகரோ ஒரு ஸ்பூன். மேலே டில் என்கிற கீரையைப் பொடியாகக் கிள்ளிப் போடுவார்கள். நம்மூர் நாட்டு மருந்துக் கடையில் சதகுப்பை என்று கேட்டால் கொடுப்பார்களே, அந்த விதை முளைத்தால் இந்தக் கீரைதான். குழந்தையில் கிரைப் வாட்டர் குடித்தவர்களுக்கு வாசனை உடனே பிடிபடும். கீரை கிடைக்காவிட்டால் புதினா போடுங்கள். கிரேக்கர்களிலேயே புதினாக் கட்சி உண்டு. ஒரு மணி நேரம் குளிரவைத்து, சப்பாத்திக்கோ சுட்ட கறிக்கோ தொட்டுக்கொள்ளலாம்.

செய்முறை முடிந்தது. இனி சண்டை.

பழனிக்கு மேற்கே சில கிலோமீட்டரில் இருக்கிறது நெய்க்காரப்பட்டி. பெயரில் நெய், சுற்றிலும் கரும்பும் வெல்லமும், தெற்கே திரும்பினால் மலை. அங்கே என் நண்பர் ஒருவருக்குக் கொஞ்சம் தோட்டமும் நாலு மாடும் இருக்கின்றன. மகள் கோவையில் கேட்டரிங் படித்துவிட்டு வந்திருக்கிறாள். பழனியில் சின்னதாக ஒரு சாப்பாட்டுக் கடை போட வேண்டும் என்று ஆசை. கடையில் வைக்கப்போகும் ஐட்டங்களை வீட்டில் செய்து பார்த்துக்கொண்டிருந்த நாளில் நானும் அங்கே போய்ச் சேர்ந்தேன். ட்ஸாட்ஸிகி வந்தது. நண்பர் சப்பாத்தியால் வழித்து வாயில் போட்டுக்கொண்டு கேட்டார்:

"ஏங் கண்ணு, இது நம்ம வெள்ளரிக்காப் பச்சடிதான? பூண்டு மட்டும் தூக்கலா இருக்குது."

"இல்லீங்ப்பா. இது கிரீஸ் நாட்டு ஐட்டம்."

"மாடு நம்முளுது. வெள்ளரிக்கா இங்க கடைவீதியில வாங்குனது. பூண்டு கொடைக்கானல் மலைப்பூண்டு. இதுல கிரீசு எங்க இருக்குது?"

"செய்யற விதத்துல இருக்குதுங்ப்பா."

"செரி... கடை போர்டுல என்னன்னு எழுதுவ?"

அவள் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "ட்ஸாட்ஸிகின்னு எழுதுனா நூத்தம்பது ரூவா வெக்கலாமுங்ப்பா. பச்சடின்னு எழுதுனா ஆரு காசு குடுப்பாங்க? பிரியாணிக்கு ஓசியில குடுக்கறதுதான அது!"

படித்ததும் சிரிப்பு வருகிறது, இல்லையா? ஆனால் அந்தப் பெண் கேட்டதை நீங்கள் ஒரு நிமிஷம் கையில் வைத்துப் பாருங்கள், கனமாக இருக்கும். ஒரு பொருள் 'அசல்' ஆவது எதனால்? பொருளாலா, செய்கிற முறையாலா, செய்கிற இடத்தாலா? இன்னொருவர் ஊர்ப் பெயரை எடுத்து நம் கிண்ணத்தில் ஒட்டினால் அது பொய்யா, திருட்டா, அல்லது சும்மா ஒரு ஸ்டைலா?

கிரேக்கர்களிடமே இதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. தீசியஸ் என்கிற வீரன் கிரீட் தீவுக்குப் போய் ஒரு பூதத்தைக் கொன்றுவிட்டு, முப்பது துடுப்புப் போட்ட கப்பலில் ஏதென்ஸுக்குத் திரும்பினான். ஊர்க்காரர்கள் அந்தக் கப்பலைப் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள். ஒரு பலகை மக்கினால் எடுத்துவிட்டுப் புதுப் பலகை அடித்தார்கள். வருஷங்கள் போகப் போக இப்படியே ஒவ்வொரு பலகையாக மாற்றிக்கொண்டு வந்தால், இது தீசியஸின் கப்பல்தானா என்று தத்துவக்காரர்கள் அடித்துக்கொண்டதாகப் புளூடார்க் எழுதிவைத்திருக்கிறார். பதினேழாம் நூற்றாண்டில் தாமஸ் ஹாப்ஸ் என்கிற ஆங்கிலேயர் இதில் இன்னும் ஒரு முடிச்சுப் போட்டார்: கழற்றிப் போட்ட பழைய பலகைகளை ஒருவன் பொறுக்கி வைத்து, அதே வரிசையில் அடுக்கி இன்னொரு கப்பல் கட்டினால்? அப்போது எது அசல்?

நம் ஊர்த் தேரை நினைத்துக்கொள்ளுங்கள். சக்கரம் மாற்றியாயிற்று, அச்சு மாற்றியாயிற்று, மேலே சிங்காரப் பலகை மாற்றியாயிற்று. ஆனாலும் யாராவது "இது எங்க பாட்டன் இழுத்த தேரில்லை" என்று வடத்தைக் கீழே போட்டிருக்கிறார்களா?

சரி, ட்ஸாட்ஸிகிக் கப்பலில் ஏறி ஒவ்வொரு பலகையாகத் தட்டிப் பார்ப்போம். முதல் பலகை பெயர். அது துருக்கியிலிருந்து வந்தது. அங்கே இதே சங்கதி, கொஞ்சம் நீர்க்க, 'ஜாஜிக்'. யோகர்ட் என்கிற சொல்லும் துருக்கிச் சொல்தான். ஆக, உலகமே 'கிரீக் யோகர்ட்' என்று கொண்டாடுவதில் பாதி துருக்கி. பூண்டின் பூர்வீகம் மத்திய ஆசியா. வெள்ளரிக்காய்? இங்கேதான் வேடிக்கை. அதன் காட்டு மூதாதை இமயமலை அடிவாரத்தில் இன்னும் கசந்துகொண்டு நிற்கிறது. இந்தியாவில் பிறந்த காய் அது. பழைய கிரேக்கர்களும் ரோமானியர்களும் வெள்ளரி சாப்பிட்டார்கள் என்றுதான் புத்தகங்களில் இருந்தது. ஹாரி பாரிஸ் என்கிற ஆய்வாளரும் அவருடைய இரண்டு சகாக்களும் பழைய ஓவியங்களையும் ஏடுகளையும் அலசி, 2012-ல் அதை மறுத்தார்கள். அந்தக் காலத்தில் அவர்கள் சாப்பிட்டது நீளமாக வளைந்து வளரும் ஒரு வகை முலாம்பழப் பிஞ்சு. அசல் வெள்ளரி ஐரோப்பாவுக்குப் போனது கி.பி. 500-க்கும் 1300-க்கும் நடுவே, தரை வழியாக ஒரு தடவை, அரேபியர்கள் கைவழியாகக் கடலோரமாக இன்னொரு தடவை என்பது அவர்கள் முடிவு. அதாவது, சாக்ரடீஸ் ட்ஸாட்ஸிகி சாப்பிட்டிருக்க வழியே இல்லை!

காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளத் தோன்றுகிறதல்லவா? கொஞ்சம் பொறுங்கள். நம் பச்சடிக் கப்பலையும் தட்டிப் பார்க்க வேண்டும். அதில் கீறிப் போடுகிற பச்சை மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. போர்ச்சுக்கீசியர் வந்த பிறகுதான் இந்த மண்ணுக்கு வந்தது. பக்கத்தில் தக்காளி இருந்தால் அதுவும் அந்த வழிதான். பச்சடி என்ற பெயராவது ஒழுங்காக ஒரு பொருளைக் குறிக்கிறதா என்றால் அதுவும் இல்லை. ஆந்திராவில் பச்சடி என்று கேட்டால் நாக்கில் தீ வைக்கிற துவையல் வரும். கேரளத்தில் தேங்காயும் கடுகும் அரைத்து விட்டிருப்பார்கள். நம் வீட்டிலேயே சித்திரை முதல் நாள் வேப்பம்பூப் பச்சடியும் மாங்காய்ப் பச்சடியும் தயிரைக் கண்ணால் கூடப் பார்ப்பதில்லை.

நெய்க்காரப்பட்டிக்கு அக்கம்பக்கத்தில், அதே மலையடிவாரத்தில் பொருந்தல் என்று ஓர் ஊர். பேராசிரியர் கா.ராஜன் 2009-லும் 2010-லும் அங்கே அகழ்ந்து பார்த்தார். ஒரு ஜாடியில் நெல்லும், தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த பொருளும், குவியல் குவியலாகக் கண்ணாடி மணிகளும் கிடைத்தன. அந்த நெல்லின் காலம் கி.மு. 490 என்று ஆய்வுக்கூடத்திலிருந்து பதில் வந்தது. மேலைக் கடற்கரைக்கும் உள்நாட்டுக்கும் இடையே வண்டிகள் போய் வந்த தடத்தில் இருந்த ஊர் அது. ஆக, "வெளியூர்ச் சரக்கு நம்ம ஊருக்கு ஆகாது" என்று அந்தப் பக்கத்தில் யாராவது சொன்னால், பூமிக்கடியில் இருக்கும் கண்ணாடி மணிகளே சிரித்துவிடும்.

'அப்படியானால் அசல் என்பதே கட்டுக்கதைதானே சார், யாரும் எதையும் எப்படியும் அழைத்துக்கொள்ளலாமே' என்று நீங்கள் கேட்கலாம். இந்த இடத்தில்தான் நான் பிரேக் போடுகிறேன்.

ஹம்தி உலுகாயா என்று ஒருவர். துருக்கியில் ஆட்டுப் பண்ணை வைத்திருந்த குர்து குடும்பத்துப் பிள்ளை. அமெரிக்காவுக்குப் போய், 2005-ல் நியூயார்க் மாநிலத்தில் மூடிக் கிடந்த ஒரு பழைய தொழிற்சாலையை வாங்கி, தயிரை வடிகட்டி, 'சோபானி' என்று பெயர் வைத்து விற்றார். துருக்கி மொழியில் 'சோபான்' என்றால் இடையர். டப்பாவில் 'கிரீக் யோகர்ட்' என்று எழுதியிருந்தது. அமெரிக்காவில் ஓஹோ என்று ஓடியது. இங்கிலாந்துக்குக் கொண்டுபோனபோது, கிரேக்கக் கம்பெனியான ஃபாயே வழக்குப் போட்டது. 2013-ல் லண்டன் உயர் நீதிமன்றமும், 2014-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஒரே மாதிரி சொல்லிவிட்டன: இந்த நாட்டு ஜனங்கள் 'கிரீக் யோகர்ட்' என்றால் கிரீஸில் தயாரானது என்றுதான் நினைத்து வாங்குகிறார்கள். அமெரிக்காவில் செய்ததை அந்தப் பெயரில் விற்கக் கூடாது.

முதலில் கேட்கும்போது அல்பமாகத் தெரிகிறது. துருக்கிச் சொல்லுக்கு கிரேக்கர்கள் உரிமை கொண்டாட, துருக்கியில் பிறந்தவர் தோற்றுப் போகிறார்! ஆனால் இதையே நம் மலைக்கு மாற்றிப் பாருங்கள்.

கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2018-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி பக்கத்துச் சரிவுகளில் அந்தக் குளிரில், அந்த மண்ணில் விளைவது. பல் சிறிசு, காரம் பெரிசு. அதைப் புகை போட்டுப் பதப்படுத்தி, மலையை விட்டு இறக்கி, வடுகபட்டிச் சந்தைக்குக் கொண்டுவர வேண்டும். இப்போது சமவெளியில் ஒருவர், எங்கிருந்தோ லாரியில் வந்த பூண்டைக் கூடையில் போட்டு, "மலைப்பூண்டு சார், கொடைக்கானல் சரக்கு" என்று டூரிஸ்ட்டிடம் தள்ளிவிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் விற்றது பூண்டுதான், விஷமில்லை. ஆனால் பூம்பாறைக்காரர் குளிரில் குனிந்து எடுத்த காசு இவர் பாக்கெட்டுக்குப் போய்விட்டது. பெயரில் ஒரு மனிதனுடைய முதுகுவலி ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைப் பிய்த்தெடுத்து வேறு கூடையில் ஒட்டுவதைத்தான் நான் திருட்டு என்பேன்.

அசலா போலியா என்று கேட்பதை விட, "இந்தப் பெயரால் யாருக்கு நஷ்டம்?" என்று கேட்பது எனக்கு உபயோகமாகப் படுகிறது. நெய்க்காரப்பட்டிப் பெண், தன் வீட்டு மாட்டுத் தயிரை வடித்து 'ட்ஸாட்ஸிகி' என்று எழுதினால் கிரீஸில் எந்த மாட்டுக்காரனுக்கும் நஷ்டமில்லை. அது ஒரு செய்முறையின் பெயர். செய்முறையைக் கற்றுக்கொண்டு செய்கிறவர் யாருடையதையும் பறிப்பதில்லை. இட்லி லண்டனில் வேகும்போது நாம் போலீஸுக்கா போகிறோம்? அதே பெண் 'கிரீஸிலிருந்து தருவித்த தயிர்' என்று எழுதினால் அது வேறு. அங்கே பொய் வந்துவிட்டது. பழனிப் பஞ்சாமிர்தத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2019-ல் அதற்கும் குறியீடு கிடைத்தது. அதில் சேரும் நாட்டுச் சர்க்கரை ஈரோடு மாவட்டத்துக் கவுந்தப்பாடியிலிருந்து வாங்கி வந்தது. பேரீச்சை பாலைவனத்துப் பழம். அதனால் பஞ்சாமிர்தம் போலி ஆகிவிடவில்லை. எங்கிருந்து என்ன வந்தாலும், அதைச் சேர்த்துப் பிசைகிற இடமும் கையும் பழனி. அந்தப் பெயர் சொல்வதும் அதைத்தான்.

எனக்கு உறுத்துவது அவள் சொன்ன இரண்டாவது விஷயம். "பச்சடின்னு எழுதுனா ஆரு காசு குடுப்பாங்க?"

ஒரு கணக்குப் போடுவோம். தமிழக அரசு 2023 டிசம்பரில் பசும்பால் கொள்முதல் விலையை லிட்டருக்கு 35 ரூபாயிலிருந்து 38 ரூபாய் ஆக்கியது. அந்தக் கணக்கில், ஒரு லிட்டர் பாலைத் தயிராக்கி வடித்து, வெள்ளரியும் சேர்த்தால் சின்னக் கிண்ணத்தில் ஐந்தாறு வரும். ஒரு கிண்ணத்தில் பாலுக்கு ஆறேழு ரூபாய். நூற்றைம்பது ரூபாயில் மிச்சம்? கடை வாடகை, கரண்ட், சம்பளம், ஆலிவ் எண்ணெய் எல்லாம் நியாயமான செலவுகள்தான், மறுக்கவில்லை. அதையெல்லாம் கழித்த பிறகும் ஒரு தொகை நிற்கும். அது அந்தப் பல்லில் மாட்டுகிற பெயருக்கு நாம் கொடுக்கிற தட்சணை.

விடிகாலையில் எழுந்து, பால் கறந்து, உறை ஊற்றி, காய் துருவி உங்கள் இலையில் ஒரு கரண்டி பச்சடி வைக்கிறார்களே... அந்த உழைப்புக்கும் ட்ஸாட்ஸிகி உழைப்புக்கும் ஒரு வேட்டித் துணி அளவுதான் வித்தியாசம். ஒன்று ஓசி. இன்னொன்றுக்கு ஜி.எஸ்.டி-யோடு பில். ஓசி என்று எதை முடிவு செய்கிறோமோ அதன் பின்னால் இருக்கும் கையும் ஓசி என்று முடிவு செய்துவிடுகிறோம். வீட்டிலும் இதே கதைதான். அவர் யூ ட்யூப் பார்த்து ஞாயிற்றுக்கிழமை ஒரு கிண்ணம் ட்ஸாட்ஸிகி செய்தால் ஃபோட்டோ எடுத்து உறவுக்கெல்லாம் அனுப்புகிறோம். அம்மா முப்பது வருஷமாகச் செய்த பச்சடிக்கு ஒரே ஒரு ஃபோட்டோ இருக்கிறதா உங்களிடம்?

பிரியாணி விஷயத்தில் திண்டுக்கல்காரர்கள் இதை எப்போதோ சாதித்துவிட்டார்கள். 1957-ல் நாகசாமி நாயுடு என்பவர் அங்கே ஆனந்த விலாஸ் என்று பிரியாணிக் கடை போட்டார். எப்போதும் தலைப்பாகை கட்டியிருப்பார் என்பதால் ஜனங்கள் வைத்த பெயர்தான் தலப்பாக்கட்டி. பிற்பாடு அந்தப் பெயர் யாருக்குச் சொந்தம் என்று சென்னை உயர் நீதிமன்றம் வரை வழக்கு நடந்தது.  ஒரு மனிதர் தலையில் கட்டின துணியே காசு பெறுகிற பெயராகிவிட்டது. பக்கத்தில் வைக்கிற தயிர்ப் பச்சடிக்குத்தான் இன்னும் அந்த யோகம் வரவில்லை.

அந்தப் பெண் என்னிடம் யோசனை கேட்டாள். நான் சொன்னது இது: "பூண்டு வெள்ளரிப் பச்சடி, கிரேக்க முறை" என்று எழுது. விலையை நூற்றைம்பதிலேயே வை. அவள் அப்பா என்னைப் பார்த்த பார்வையில், 'இவருக்கு வியாபாரம் தெரியாது' என்பது தெளிவாக இருந்தது. இருக்கலாம். ட்ஸாட்ஸிகி என்று மட்டும் எழுதினாலும் அது பொய்யில்லை என்பதை மேலேயே ஒப்புக்கொண்டாயிற்று. போர்டு இன்னும் எழுதவில்லை. நீங்களாக இருந்தால் என்ன எழுதுவீர்கள்?

யோசித்துக்கொண்டே ஃப்ரிட்ஜைத் திறந்து, பாத்திரத்தில் வடிந்து நிற்கும் தண்ணீரை எடுங்கள். லேசாகப் பச்சை கலந்த மஞ்சள் நிறத்தில், புளிப்பாக, அரை லிட்டருக்குக் குறையாமல் இருக்கும். கிரீக் யோகர்ட் தொழிற்சாலைகளுக்கு இது பெரிய தலைவலி. நியூயார்க் மாநிலத்தில் இதை எங்கே கொட்டுவது என்று விழித்தார்கள். ஓடையில் விட்டால் தண்ணீரில் உள்ள ஆக்ஸிஜன் போய் மீன் செத்துப்போகும். மாட்டுத் தீவனத்தில் கலந்தார்கள், வயலுக்கு உரமாக அனுப்பினார்கள். நெய்க்காரப்பட்டி வீட்டில் நண்பரின் மனைவி அதில் கொஞ்சத்தைச் சப்பாத்தி மாவில் விட்டுப் பிசைந்தார். மாவு பஞ்சு மாதிரி வந்தது. மீதியில் உப்பும் பெருங்காயமும் போட்டு, கறிவேப்பிலை கிள்ளி, ஆளுக்கு ஒரு டம்ளர் கொடுத்தார். நான் இரண்டாவது டம்ளர் கேட்டு வாங்கினேன். அதற்கு என்ன பெயர் என்று அங்கே யாரும் சொல்லவில்லை.